வெறும் கேட்பு

ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ‘ம்’ கேட்பது என் வேலை. காலை ஒன்பது மணிக்குக் காதில் மாட்டினால் மாலை ஐந்து வரை ‘ம்’. ஒவ்வொன்றும் அரை விநாடி, மிஞ்சினால் ஒரு விநாடி. கேட்டுவிட்டு மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். ஒன்று, இசைவு. இரண்டு, மறுப்பு. மூன்று, வெறும் கேட்பு.

வெறும் கேட்பு என்றால் அந்த ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் பொருள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வாக்கு குப்பைக்குப் போகும்.

இப்படி ஒரு வேலை ஏன் தேவைப்பட்டது என்பதை என் அண்ணன் தண்டபாணி வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட விடமாட்டான்.

“கவுன்சிலருங்க எல்லாம் ஒழிஞ்சு ஒம்போது வருசம் ஆச்சுங்களா. இனிமே தினம் சாயங்காலம் போன் வரும், மூணு கேள்வி, நீங்களே ஆண்டுக்கங்கன்னாங்க. சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். செஞ்சவன் எந்த ஊர்க்காரனோ, நம்ம ஆளுக போனுல எப்படிப் பேசுவாங்கன்னு அவனுக்குத் தெரியல. அந்தப் பக்கம் ஒருத்தி கேள்வியப் படிக்கப் படிக்க நம்மாளு ம், ம்னு கொட்டுவான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல சாராயக் கடை வெக்கலாமா. ம். இந்த வார்டு பஸ் ஸ்டாப்ப எடுத்தர்லாமா. ம். தொண்ணூத்தாறு சதவீத ஆதரவோட பஸ் ஸ்டாப்ப எடுத்துப்போட்டாங்க. காலைல போயி நின்னா ஒரு கம்பிகூட இல்ல. அதுக்கப்புறந்தான் என்ற தம்பிக்கு வேலை கெடச்சுது.”

அதில் மிகை எதுவும் இல்லை. பஸ் ஸ்டாப் இன்னும் திரும்பி வரவில்லை. திரும்ப வைக்கலாமா என்ற கேள்வி இரண்டு முறை வாக்கெடுப்புக்கு வந்தது. அதற்குள் எங்கள் பிரிவு வந்துவிட்டது. முக்கால்வாசி ‘ம்’ வெறும் கேட்பு என்று நாங்கள் ஒதுக்கியதில் போதுமான வாக்கு தேறவில்லை.

குரலை மாற்றித்தான் எங்களுக்குத் தருவார்கள். ஆணா பெண்ணா, கிழமா இளசா தெரியாது. பெயர் தெரியாது. ஊர் முழுக்க ஒரே தொண்டை வழியாகப் பேசுவது போல இருக்கும். குட்டையாக வந்து கீழே விழுந்தால் இசைவு. நீண்டு, வாலில் தொங்கினால் வெறும் கேட்பு. மூக்குக்குள் ஏறி நின்றால் மறுப்பு. பழகிவிட்டால் விரலே பார்த்துக்கொள்ளும். இதற்கு முன் நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்த்தேன், அதற்கு முன் கல்லூரியைப் பாதியில் விட்டேன். அந்த இரண்டையும்விட இது மோசமில்லை.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஐந்து வருடம் ஆகிறது. அண்ணி அதற்கும் ஏழு வருடம் முன்பே தவறிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. விசைத்தறி மெக்கானிக்காக இருந்தவன், இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் சென்டரில் நாலு நாலு மணி நேரம் படுத்துக் கிடக்கிறான். திங்கள், புதன், வெள்ளி. காலை ஐந்தரைக்கு நான் வண்டியில் கொண்டுபோய் விடுவேன், ஒரு மணி நேரம் கூட இருப்பேன்.

சென்டரில் ஏழு இயந்திரம், நாற்பத்தொரு நோயாளி, ஒரு தாரணி. ஏழு இயந்திரமும் மூன்று ஷிப்ட் ஆறு நாள் ஓடினால்தான் நாற்பத்தொரு பேருக்கும் முறை வரும். அதனால் அவள் ஆறு நாளும் அங்கேதான் இருந்தாள். வயது முப்பத்துநாலு. வருகிறவர்களின் கையைப் பார்த்துத்தான் பேசுவாள், முகத்தைப் பார்ப்பது குறைவு. இடது கையில் கயிறு போலப் புடைத்திருக்கும் நரம்பைத் தடவி, இரண்டு ஊசி குத்தி, டேப் ஒட்டி, அடுத்த கட்டிலுக்குப் போவாள்.

அந்தத் திங்கட்கிழமை டேப்பை ஒட்டிக்கொண்டே சொன்னாள்.

“அண்ணா, நான் எழுதிக் குடுத்துட்டேனுங்க.”

“என்னத்த?”

“வேலைய விடறேன்னு.”

அண்ணன் இயந்திரத்தைப் பார்த்தான். ரத்தம் குழாயில் சுற்ற ஆரம்பித்திருந்தது.

“எங்க போற கண்ணு?”

“கடல் பக்கம் எங்கியாவது. ஓட்டலு, துணிக்கடை, என்னமோ ஒண்ணு. ஊசி இல்லாத வேலை.”

“கடல்ல என்ன இருக்குது?”

“தெரியலீங்க. பாத்ததில்ல.”

“காரணம் கேட்டிருப்பாங்களே.”

“விருப்பம்னு போட்டேன். இதெல்லாம் காரணமில்லம்மா, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, கல்யாணம், இப்படி எதாச்சும் போடுன்னாரு வார்டு ஆபீஸ் அண்ணன். எங்கம்மா நல்லாத்தான் இருக்குது. கல்யாணமும் இல்ல. விருப்பம்னே போட்டுட்டு வந்துட்டேன்.”

“கணக்கு எத்தனை வந்துச்சு?”

“ஆயிரத்து நூத்தி இருபத்தாறு.”

அவர்கள் பேசிக்கொண்டது பாதிப்புக் கணக்கு. நோயாளிகள், வீட்டார், உறவினர், வரிசையில் காத்திருப்பவர்கள் எல்லாம் அதில் அடக்கம். ஒருவர் எடுக்கிற முடிவு இருநூறு பேருக்கு மேல் பாதிக்கும் என்றால், பாதிக்கப்படுகிற அத்தனை பேரையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று ஆறு வருடத்துக்கு முன் ஒரு சட்டம் வந்தது. அதுவும் வாக்கெடுப்பில் வந்ததுதான். நான் முன்பு வேலை பார்த்த நூற்பாலையில்தான் முதலில் பாய்ந்தது. முதலாளி ஆலையை மூடி இடத்தை விற்கப் பார்த்தார். அறுநூற்றுச் சொச்சம் பேர் கூடாது என்றார்கள். ஆலை ஓடியது. எனக்கு அங்கே வேலை இல்லாதபோதும் நான் கைதட்டினேன். அடுத்து ஒரு கல் குவாரி. அதற்கும் தட்டினேன். மூன்றாவது, ஊரில் மிச்சமிருந்த ஒரே குழந்தை மருத்துவர். அவருடைய முறை வந்தபோது கைதட்டல் குறைந்தது. வாக்கு குறையவில்லை.

யாரும் யாரையும் கட்டி வைப்பதில்லை. வேறு ஊரில் வீடோ வேலையோ ரேஷனோ பதிய முடியாது, அவ்வளவுதான். மூன்று வருடம். அதற்குப் பிறகு மறுபடி எழுதிக் கொடுக்கலாம், மறுபடி வாக்கெடுப்பு.

“உங்களுக்குப் பதிலா யாரையாவது கேட்டுப் பாத்தாங்களா?” என்றேன் நான்.

“நாலு வருசமாக் கேக்கறாங்க. வந்தாப் போக முடியாதுன்னு தெரிஞ்சு யாருங்க வருவா? காலேஜ்ல இந்தப் படிப்புக்கே ஆளில்ல. சட்டம் வந்ததுக்கப்புறம் ஒரு செட்டுகூடச் சேரல.”

பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் படுத்திருந்தார். கண்ணை மூடியபடியே சொன்னார். “நீ போயிட்டா நாங்க செத்துப் போவோம் கண்ணு.”

“தெரியுமுங்க,” என்றாள் தாரணி. “பாதிப் பேருக்கு வெளியூர்ல எடம் கெடைக்கும். நான் விசாரிச்சேன்.”

“பாதிப் பேருக்கு.”

“ஆமாங்க.”

“உன்ற ஓட்டு எப்படி?” என்றான் அண்ணன்.

“எனக்கு ஓட்டு இல்லீங்க. சம்பந்தப்பட்டவங்க நடுநிலையா இருக்க முடியாதாமா.”

கண்டக்டர் சிரித்தார். சிரித்தால் ஊசி அசையும் என்று தாரணி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் குரலை உயர்த்தவில்லை. அந்த அறையில் எல்லோரும் எப்போதும் களைத்துத்தான் இருப்பார்கள். அவளுடைய விரல்கள் லேசாக நடுங்கியதை நான் பார்த்தேன். அது புதிதா பழையதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கையை நான் அதுவரை கவனித்ததில்லை.

வியாழக்கிழமை மாலை கேள்வி போனது. வெள்ளிக்கிழமை காலை எங்கள் பிரிவில் தாரணியின் வாக்கெடுப்பில் விழுந்த ‘ம்’கள் மட்டும் முந்நூற்றுச் சொச்சம். ஆறு பேர் உட்கார்ந்து பிரித்தோம். எங்கள் மேற்பார்வையாளர் ஜெசிந்தா மேடத்திடம் முதலிலேயே போய்ச் சொன்னேன், என் அண்ணன் அந்த சென்டரில்தான் இருக்கிறான் என்று.

“எல்லாருக்கும் யாராவது இருக்காங்கப்பா,” என்றார். “அப்படிப் பாத்தா இங்க ஒருத்தரும் உக்கார முடியாது. பேரு தெரியாது, கொரல் தெரியாது. நீ என்ன பண்ணிரப் போற?”

அவர் சொன்னது சரிதான். நான் உட்கார்ந்தேன். ம், ஒன்று. ம், மூன்று. ம், ஒன்று. ம், ஒன்று. இந்த முறை குட்டை ‘ம்’ அதிகம் வந்தது. தாரணி இருக்கட்டும் என்று ஊர் நினைக்கிறது போலும் என்று எண்ணினேன். பிறகு மூக்கில் ஏறும் ‘ம்’ வரிசையாக வந்தது. நினைப்பதை விட்டுவிட்டேன்.

மாலை நாலரைக்கு ஜெசிந்தா மேடம் கைப்பையைத் தோளில் மாட்டியபடி என் மேசைக்கு வந்தார்.

“இருக்கட்டும், ஐந்நூத்தி நாப்பத்தெட்டு. போகட்டும், ஐந்நூத்தி நாப்பத்தெட்டு. கேட்பு இருபத்தொம்போது. ஒண்ணே ஒண்ணு பாக்கி. உன் பெட்டில கெடக்கு.”

இப்படியெல்லாம் நடக்காது என்று நினைப்பவர்கள் எங்கள் பிரிவில் வேலை பார்த்ததில்லை. எட்டு வருடத்தில் ஏழு முறை பார்த்திருக்கிறேன். ஒருவரைத் தடுத்து நிறுத்தப் பாதிக்கு மேல் வேண்டும். சமமாக நின்றால் ஆள் போகலாம்.

அந்தக் கடைசி ஒலியைத் திறந்தேன். முதலில் கேள்வி வந்தது, வழக்கமான பெண் குரலில். டயாலிசிஸ் சென்டர் ஊழியர் தாரணியை மேலும் மூன்று ஆண்டுகள் இவ்வார்டிலேயே பணியில் வைத்திருக்கச் சம்மதிக்கிறீர்களா. பிறகு ஒரு தட்டு நகரும் ஓசை. தள்ளி எங்கோ ஓர் ஆள் பேசுவது. வாக்காளரின் குரலை மட்டும்தான் மாற்றுவார்கள், தூரத்துக் குரலை விட்டுவிடுவார்கள், அது யாருக்கும் புரியாது என்பதால்.

எனக்குப் புரிந்தது.

“இத நாய்கூட மோந்து பாக்காதுடா, குருவு.”

அதற்குப் பிறகு, ‘ம்’.

என் பெயர் குமரகுரு. குருவு என்று கூப்பிடுகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான். அண்ணனுக்கு உப்பு ஆகாது. தனித்தனியாக இரண்டு ரசம் வைக்க எனக்குப் பொறுமை இல்லை என்பதால் இருவருக்கும் உப்பில்லாத ரசம்தான். வியாழக்கிழமை மாலை சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தோம். போன் வந்தது, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். அண்ணன் ரசத்தைத் திட்டினான். நான் ‘ம்’ என்றேன். இருபது வருடமாக அவன் திட்டுவதற்கெல்லாம் நான் சொல்லும் ‘ம்’ அது. கேள்வி என் காதில் விழுந்ததா என்பதுகூட நினைவில்லை.

மறுபடி ஓடவிட்டேன். மறுபடி. குட்டையாக வந்து கீழே விழுந்தது. தாரணிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“மேடம்,” என்றேன். “ஒருத்தர் வேற யாருக்கோ பதில் சொல்றப்ப விழுந்த ‘ம்’மா இருந்தா?”

“வேற யாருக்கோன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“தெரியுதுன்னு வெச்சுக்கங்க.”

“நம்ம வேலை சத்தத்தைப் பாக்கறது. யார்கிட்டச் சொன்னாங்க, எதுக்குச் சொன்னாங்கன்னு தோண்ட ஆரம்பிச்சா ஒரு ஓட்டுகூடத் தேறாதுப்பா. குட்டையா?”

“குட்டைதான்.”

“விழுதா?”

“விழுது.”

“அப்ப ஒண்ணு. எனக்கு அஞ்சு மணி பஸ்ஸு.”

அதுதான் விதி. எட்டு வருடமாக நான் அந்த விதிப்படிதான் மற்றவர்களின் ‘ம்’களைப் பிரித்திருக்கிறேன். அதில் எத்தனை பேர் ரசத்துக்குச் சொன்னார்கள், எத்தனை பேர் அழுகிற பிள்ளைக்குச் சொன்னார்கள் என்று நான் கேட்டதில்லை. என்னுடையதற்கு மட்டும் கேட்டால் அத்தனைக்கும் கேட்டாக வேண்டும்.

விதி என்பதால் அழுத்தினேன் என்று சொன்னால் பாதி உண்மை. மூன்றை அழுத்தினால் தாரணி கடலைப் பார்க்கப் போவாள், அண்ணன் வெளியூர் சென்டர் வரிசையில் கடைசியில் நிற்பான், வரிசை நகர்வதற்குள் செத்துப்போவான். அதுவும் என் விரலில் இருந்தது. இரண்டில் எது அழுத்தியது என்று எனக்குத் தெரியாது. பாதிப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்தினேன்.

திரை அணைந்தது. பிரித்து முடித்த ஒலிகளை மறுநாள் காலைக்குள் அழித்துவிடுவார்கள். தனிமனித உரிமையைக் காப்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

வீட்டுக்குப் போனேன். அண்ணன் ஊசி குத்திய கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு பழைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தான். டயாலிசிஸ் நாளில் அவன் முகம் சாம்பல் நிறத்தில் இருக்கும். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன், கேள்வியிலிருந்து பொத்தான் வரைக்கும்.

அவன் முதலில் சிரித்தான். நன்றாகவே சிரித்தான். “ரசத்துக்கா?” என்றான். “ஒரு கல்லு உப்புக்கு ஒரு புள்ளைய மூணு வருசம் உள்ள போட்டுட்டியே.”

“நீ என்ன சொன்ன போன்ல?”

“போகட்டும்னேன்.”

“ஏன்?”

“ஏன்னா?”

“அவ போயிட்டா உனக்கு யாரு?”

அவன் செய்தித்தாளை மடித்து வைத்தான்.

“அந்தப் புள்ளைக்குக் கை நடுங்குது. ஆறு மாசமா. புடிக்காம வந்து நிக்கற ஒருத்தி கையில வாரத்துக்குப் பன்னெண்டு மணி நேரம் என்ற ரத்தத்தக் குடுத்துட்டுக் கெடக்கறேன். அவளும் போக முடியாது, நானும் போக முடியாது. ரெண்டு பேரும் மூஞ்சியப் பாக்காம இருக்கோம். தறி ஓட்டறவனுக்குப் புடிக்கலீன்னா நூல் அறும். அது அவன் தப்பில்ல.”

“இன்னும் ஒரே ஒருத்தர் அப்படி நெனச்சிருந்தா அவ போயிருப்பா. ஆனா நாப்பது பேரு செத்திருப்பாங்க.”

“நாப்பதில்ல, இருவது. அவ விசாரிச்சா.”

“இருவதுன்னா பரவாயில்லையா?”

“நான் அப்படிச் சொன்னனா? உங்க கணக்க நீங்க போடுங்க. என்னைய எதுக்கு அதுல சேக்கறீங்கன்னுதான் கேக்கறேன்.”

எழுந்துபோய் அடுப்பை மூட்டினேன். அன்றும் ரசம்தான்.

சனிக்கிழமை முடிவை அறிவித்தார்கள். ஒரு வாக்கு வித்தியாசம். ஒவ்வொரு குரலும் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று இல்லை என்று செய்தியில் சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு அண்ணனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். சென்டரில் அவன் கட்டிலில் ஏறவில்லை. விளிம்பில் உட்கார்ந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தாரணி ஊசித் தட்டோடு வந்து நின்றாள்.

“கையக் குடுங்கண்ணா.”

“இன்னிக்கு வேண்டாம் கண்ணு. இனிமேலும் வேண்டாம். என்ற பேர எடுத்துரு.”

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

“எனக்காகவா?”

“உனக்காகன்னு யாரு சொன்னா?”

“எனக்காகன்னா வேண்டாமுங்க. ஒண்ணும் மாறாது. இந்தக் கட்டிலுக்கு வரிசைல பதினோரு பேரு இருக்காங்க. மத்தியானமே ஒருத்தர் வந்து படுப்பாரு.”

“வந்து படுக்கட்டும். எனக்கு அலுத்துப் போச்சு, அவ்வளவுதான்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் அண்ணனின் செருப்பைப் பார்த்தேன். அவள் வேறொன்று கேட்டாள்.

“ஒரே ஓட்டுன்னாங்களே. உங்க பிரிவுக்குத்தான வரும் அதெல்லாம். யாருன்னு தெரியுங்களா?”

“எங்களுக்குப் பேரு வராதுங்க.”

“இவன்தான்,” என்றான் அண்ணன்.

தாரணி என் பக்கம் திரும்பினாள். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கட்டில் கண்டக்டர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நன்றியாக இருக்கலாம். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

“என்னைய இங்கியே வெக்கணும்னு நெனச்சுத்தான் சொன்னீங்களா?” என்றாள்.

“இல்லீங்க. ரசத்துல உப்பில்லைன்னு அண்ணன் திட்டினாரு. அதுக்குச் சொன்னேன். ஆனா அத ஓட்டுன்னு எடுத்தது நான்தானுங்க. தெரிஞ்சுதான் எடுத்தேன்.”

“இப்பப் போயிச் சொன்னா மாத்துவாங்களா?”

“குரலை அழிச்சிருப்பாங்க. நான் சொன்னா என்ற வேலை போகும். ஓட்டு மாறாது.”

“அப்படிங்களா.”

கோபப்படுவாள் என்று நினைத்தேன். தட்டிலிருந்த இரண்டு ஊசிகளையும் எடுத்து உறையோடு திரும்பப் பெட்டியில் போட்டாள். பஞ்சை மடித்து வைத்தாள். ஐந்தாவது இயந்திரம் கத்த ஆரம்பித்தது. அதை நோக்கி நடந்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள்.

“பேர எடுக்க எனக்கு அதிகாரமில்லீங்கண்ணா. வார்டு ஆபீசுல எழுதிக் குடுக்கணும். ஒம்போதரைக்குத் தொறப்பாங்க.”

ஒன்பதரை வரை அலுவலக வாசலில் வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தோம். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. போன் செய்து விடுப்புச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். வீட்டு வேலை என்றேன்.

“இன்னும் நேரமிருக்குது,” என்றேன் அண்ணனிடம். “திரும்பிப் போயிப் படுத்துக்கலாம்.”

“நீ போயி என்ற கட்டில்ல படு.”

“வெளையாடாத. பத்து நாள்கூடத் தாங்காது.”

“டாக்டர் எட்டுன்னாரு. நீ ரெண்டு நாள் சேத்துத் தர்ற. தாராளம்தான்.”

“நான் உனக்காகத்தான் அந்தப் பொத்தான அழுத்தினேன்.”

“தெரியும்டா.” அவன் ஊசித் தழும்பைச் சொறிந்துகொண்டான். “என்னையக் கேட்டியா?”

அலுவலகத்தில் ஒரே ஓர் எழுத்தர் இருந்தார். வயது நாற்பது இருக்கும், நெற்றியில் புதிதாக வைத்த விபூதி. மரியாதையான ஆள். அண்ணனை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அண்ணன் இரண்டு மிடறு குடித்துவிட்டு, பழக்கத்தில் நிறுத்திப் பிறகு முழுவதையும் குடித்தான்.

“சிகிச்சைய நிறுத்தறதுக்குங்களா?” என்றார் எழுத்தர். “இதுக்கும் பாதிப்புக் கணக்குப் பாக்கணுமுங்க. ஒரு நிமிசம்.”

எனக்கு அதுவரை தோன்றாதது அப்போது தோன்றியது. ஐந்து வருடமாக அந்தக் கட்டிலில் கிடக்கிறவன். விசைத்தறி மெக்கானிக்காக இந்த ஊரில் அவன் கை படாத தறி இல்லை. தெருவில் எல்லோரையும் தெரியும். சிலிண்டர்காரர் வரைக்கும் தெரியும். இருநூறு வந்துவிட்டால் வாக்கெடுப்பு. வாக்கெடுப்பு வந்தால் அவனைத் தடுத்துவிடுவார்கள், ஊர் எப்போதும் தடுக்கத்தான் செய்கிறது. அந்த ஒரு நிமிடமும் அந்தக் கணக்கு இருநூறைத் தாண்ட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவனைக் கட்டிப் போடச் சொல்லித்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

திரையைப் பார்த்து எழுத்தர் தலையசைத்தார்.

“பிரச்சனை இல்லீங்க. இருநூறுக்குக் கீழதான். உங்க கையெழுத்து மட்டும் போதும்.”

“எத்தனை வந்துச்சு?” என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். திரையை என் பக்கம் திருப்பினார்.

பாதிக்கப்படுவோர்: 1.

“அந்த ஒருத்தன் நான்தானுங்களே. என்னையக் கேக்க வேண்டாமுங்களா?”

“ஒருத்தர்னா அது வாக்கெடுப்பு இல்லீங்களே,” என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே விளக்கினார். “இருநூறுக்குக் கீழ வந்தா அது அவரோட சொந்த விசயம். சட்டம் அதுல தலையிடாது. அவருக்கு முழுச் சுதந்திரம் இருக்குதுங்க.”

அண்ணன் கையெழுத்துப் போட்டான். வலது கைதானே, நடுக்கமில்லாமல் போட்டான். எழுத்தர் முத்திரை குத்தி ஒரு நகலை எங்களிடம் கொடுத்தார். வெயில் பார்த்துப் போங்க என்று வாசல் வரை வந்து சொன்னார்.

வெளியே, பஸ் நிற்காத அந்தத் திருப்பத்தில், ஓர் ஆள் சைக்கிளில் இளநீர்க் குலைகளைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சிறுநீரகம் போனவர்களுக்கு இளநீர் விஷம். அதிலுள்ள பொட்டாசிய உப்பு வெளியேற வழியில்லாமல் நெஞ்சை நிறுத்திவிடும். முதல் நாளே டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னது அது.

“நிறுத்துடா,” என்றான் அண்ணன்.

நிறுத்தினேன். இறங்கி நடந்து போனான். இளநீர்க்காரர் அவன் கையைப் பார்த்தார், புடைத்த நரம்பைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. சீவிக் கொடுத்தார். அண்ணன் உறிஞ்சுகுழாய் வேண்டாமென்று அண்ணாந்து குடித்தான். கழுத்து வழியே வழிந்து சட்டை நனைந்தது. ஐந்து வருடமாகத் தண்ணீரை அளந்து குடித்தவன் இப்படிக் குடிப்பதைப் பார்க்க எனக்கு எதுவும் தோன்றவில்லை. எதுவும் தோன்றவில்லையே என்று மட்டும் தோன்றியது.

காயைக் கீழே போட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

“இன்னொண்ணு சீவட்டுங்களா?” என்றார் இளநீர்க்காரர்.

“வேண்டாம்,” என்றேன் நான். சத்தமாக, தெளிவாக, எந்த இயந்திரத்துக்கும் புரிகிற மாதிரி சொன்னேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேள்வி குடிக்கிறவரிடம்தான் கேட்டிருந்தார். அண்ணன் தலையை ஆட்டினான். அவர் குலையிலிருந்து ஒரு பெரிய காயாகத் தேடி, தட்டிப் பார்த்து, திருகி எடுத்தார்.